அன்னமும் ஆண்டு நிறைவும்

கொல்கத்தா நகரின் தென்பகுதியில், லேக் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. வாழையிலையும் கறிவேப்பிலையும் மல்லிகைச் சரமும் அங்கே கிடைப்பதால், பிறந்த ஊரின் நினைவு நம்மை விட்டு முற்றிலும் அகல்வதில்லை. அத்தகைய ஒரு வீட்டில் குழந்தை பிறந்துவிட்டால், அதன் முதலாண்டில் இரண்டு விருந்துகளைப் பற்றிய பேச்சு எழும். ஐந்து மாதம் நிறைந்ததுமே பக்கத்து வீட்டு வங்காளத்து அம்மையார், “முகே பாத் எப்பொழுது?” என்று கேட்பார். அதே நாளில் ஊரிலிருந்து பாட்டியின் கடிதமோ தொலைபேசிக் குரலோ, “ஆண்டு நிறைவை எங்கே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்?” என்று வினவும்.

‘முகே பாத்’ என்பதற்கு ‘வாயில் சோறு’ என்பது பொருள். வடமொழியில் அன்னப்பிராசனம் என வழங்கும் சடங்கே அது. ஆண் குழந்தையாயின் ஆறு அல்லது எட்டு என இரட்டைப்படை மாதத்திலும், பெண் குழந்தையாயின் ஐந்து அல்லது ஏழு என ஒற்றைப்படை மாதத்திலும் வங்காளிகள் இதனை நடத்துவர். தாய்மாமன் குழந்தையை மடியில் இருத்திப் பாயசம் ஊட்டுவார். பின்னர் ஒரு தட்டில் மண், புத்தகம், எழுதுகோல், காசு முதலியவற்றை வைத்துக் குழந்தையின் முன் நீட்டுவர். அது எதை எடுக்கிறதோ அதைக்கொண்டு எதிர்காலத்தை ஊகித்து மகிழ்வர். நம்மவரும் இச்சடங்கை அறியாதவர் அல்லர். குருவாயூரில் சோறூட்டும் வழக்கத்தை நாடிச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. ஆயினும் வங்காளத்தில் இது பெறும் சிறப்பினைத் தமிழ்நாட்டில் பெறுவது ஆண்டு நிறைவே. குலதெய்வத்தின் கோயிலில் முடியிறக்குதலும், மாமன் மடியில் அமர்த்திக் காது குத்துதலும் பல குடும்பங்களில் அதனையொட்டியே நிகழ்கின்றன.

இவ்விரு விருந்துகளுக்கும் இடையே இருப்பது ஏறத்தாழ ஆறு மாத காலம். மனித வாழ்வில் வேறு எந்த ஆறு மாதத்திலும் காணாத மாறுதல்களை இக்காலத்தில் நாம் காண்கிறோம். முன்னாளில் குழந்தைகள் பெருந்தொகையாக மடிந்த காலப்பகுதியும் இதுவே. அந்த ஆறு மாதம் எவ்வாறு அச்சம் நீங்கிய காலமாயிற்று என்பதில் கொல்கத்தாவுக்குப் பெரும் பங்கு உண்டு. நாம் குடியேறி வாழும் நகரின் அவ்வரலாற்றை அறிந்திருப்பது நமக்கு ஏற்புடையதன்றோ?

முதலில் வளர்ச்சியைப் பார்ப்போம். குழந்தையின் வளர்ச்சியைத் திங்கள் கணக்கிட்டு நோக்கும் பழக்கம் தமிழருக்குப் புதியதன்று. பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை அதன்மேல் எழுந்ததே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் அவ்வகையில் நமக்குக் கிடைத்துள்ள பழைய நூல். பத்துப் பருவங்களுக்குரிய திங்களைப் பாட்டியல் நூல்கள் வகுத்துரைக்கின்றன. அக்கணக்கு நூலுக்கு நூல் சிறிது வேறுபடும். ஐந்தாம் திங்களையொட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி அசைவது செங்கீரை. ஒன்பதாம் திங்களையொட்டி, அமர்ந்து இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. ஓராண்டு நிறைவையொட்டி, தளர்நடையிட்டு வருமாறு அழைப்பது வருகைப் பருவம். அதன் பின்னரே நிலவைக் காட்டி விளையாட அழைக்கும் அம்புலிப் பருவம் வருகிறது. பாட்டுடைத் தலைவர் அரசராயினும் தெய்வமாயினும், புலவர் கண்முன் நின்றது ஒரு வீட்டுக் குழந்தையே என்பதில் ஐயமில்லை.

இக்காலத்தில் அதே கணக்கை உலக சுகாதார நிறுவனம் வேறு முறையில் எடுத்தது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து, 2006-ஆம் ஆண்டில் வளர்ச்சி அளவைகளை அது வெளியிட்டது. இந்தியக் குழந்தைகள் புது தில்லியிலிருந்து சேர்க்கப்பட்டனர். தாய்ப்பாலும் தக்க உணவும் தூய்மையும் கிடைக்குமாயின், முதலாண்டுகளில் எந்நாட்டுக் குழந்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் வளர்கிறது என்பதே அந்த ஆராய்ச்சி காட்டிய பேருண்மை. “நம் நாட்டுக் குழந்தைகள் சிறுத்தே இருக்கும்” என்று நாம் சொல்லி வந்த ஆறுதல் அதனால் பொருளற்றதாயிற்று.

அவ்வளவையின்படி ஓராண்டு நிறைந்த ஆண் குழந்தையின் நடுத்தர எடை 9.6 கிலோகிராம், பெண் குழந்தைக்கு 8.9 கிலோகிராம். உயரம் முறையே ஏறத்தாழ 76, 74 சென்டிமீட்டர். பிறந்தபோது இருந்த எடை மும்மடங்காகிறது. உயரம் ஒன்றரை மடங்காகிறது. துணையின்றி உட்காருதல் ஏறத்தாழ 4 முதல் 9 மாதத்திற்குள் நிகழும். துணையின்றி நிற்பது 7 முதல் 17 மாதத்திற்குள் நிகழும். தனித்து நடப்பது 8 முதல் 17½ மாதத்திற்குள் நிகழும். இவ்வெல்லைகள் எவ்வளவு விரிந்தவை என்பதை நோக்குக. எதிர் வீட்டுக் குழந்தை பத்தாம் மாதத்தில் நடந்ததனால், நம் குழந்தை ஆண்டு நிறைவன்று நடக்கவில்லையே என்று கலங்கத் தேவையில்லை. தவழாமலே எழுந்து நடக்கும் குழந்தைகளும் சிலர் உண்டு.

இத்தனை எழில் வாய்ந்த இக்காலம் ஏன் அச்சத்திற்குரியதாக இருந்தது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த 1,000 குழந்தைகளில் 200-க்கும் மேற்பட்டவை ஓராண்டைக் காணவில்லை. ஐந்தில் ஒன்றை இழப்பது அக்கால வீட்டின் இயல்பான கணக்கு. இதற்குச் சான்று தேடி ஏட்டைப் புரட்ட வேண்டுவதில்லை. மக்களின் பெயர்களே சொல்லும். முன் பிறந்தவை இறந்துபோன வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்புசாமி என்றும் குப்பம்மாள் என்றும் பெயரிட்டனர் நம் முன்னோர். பிச்சை என்றும் பெயர் வைத்தனர். தவிட்டுக்கு விற்றுத் தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைகளும் இருந்தனர். மதிப்பற்றது என்று எண்ணிக் கூற்றுவன் விட்டுச் செல்வான் என்பது அவர்களது நம்பிக்கை. வங்காளத்திலும் அதே துயரம், அதே உபாயம்! அங்கே குழந்தையைச் சில சோழிகளுக்கு விற்றது போல் பாவனை செய்து, தின்கோடி, பாஞ்ச்கோடி என்று பெயரிட்டனர். முதற்பெயருக்கு மூன்று சோழி என்றும், அடுத்ததற்கு ஐந்து சோழி என்றும் பொருள். தவிடும் சோழியும் வேறாயினும், தாயின் அச்சம் ஒன்றே.

செல்வரும் இதற்கு விலக்கல்லர். 1767-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்தில், ஆங்கிலேயர் எழுப்பிய பெருங்கோபுரங்களுக்கு இடையே பச்சிளங்குழந்தைகளின் கல்லறைகளையும் காணலாம். ஆகவே, ஆண்டு நிறைவு என்பது பிறந்த நாளைக் கொண்டாடும் விழாவாக மட்டும் அன்று இருக்கவில்லை. குழந்தை தப்பியது என்னும் நன்றியறிதலே அதன் உயிர். ஓராண்டு கடந்த பின்னரே முடியிறக்கி நேர்த்திக்கடனைச் செலுத்தியதன் கருத்தும் அதனுள் அடங்கும்.

ஆறு மாதத்திற்குப் பின் அபாயம் மிகுந்ததற்குக் காரணம் எளிது. அதுவரை தாய்ப்பாலே உணவாக இருந்தது. அன்னம் தொடங்கியவுடன் பாத்திரமும் நீரும் பிறர் கையும் குழந்தையின் வாயை எட்டுகின்றன. தவழத் தொடங்கியதும் தரையில் கிடப்பதெல்லாம் வாய்க்குச் செல்கிறது. தாயிடமிருந்து வந்த நோய் எதிர்ப்பு ஆற்றலும் அக்காலத்தில் குறைந்துவிடுகிறது. விளைவு வயிற்றுப்போக்கு. அதனைப் பல் முளைப்பதன் குணம் என்று சொல்லிக் கைவிட்ட வீடுகள் எத்தனையோ! வயிற்றுக்கு ஓய்வு வேண்டும் என்று நீரையும் பாலையும் நிறுத்திய வீடுகள் இன்னும் பல. நோயைக் காட்டிலும் அந்த வறட்சியே உயிரைக் கொண்டுபோயிற்று.

ஆறாம் மாதத்தில் அன்னம் தொடங்குவது என்ற வழக்கம் பழைய கிருகிய சூத்திரங்களிலேயே சொல்லப்பட்டுள்ளது. முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே போதும், அதன் பின் மற்ற உணவும் சேர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது 2001-ஆம் ஆண்டில். முன்னோர் குறித்த காலம் பொருத்தமானதே. ஆனால், அன்னத்தோடு வந்த நோயைத் தடுக்கும் வழி அவர்களிடம் இல்லை. அவ்வழியைத் தேடிய இடங்களுள் கல்கத்தா முதன்மையானது. 2001-ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா என்று பெயர் வழங்கும் நகரை, பழைய நிகழ்ச்சிகளைக் கூறுமிடத்து அன்றைய பெயராலேயே குறிக்கின்றோம்.

கங்கைக் கழிமுகத்தை அடுத்த இந்நகர் காலராவுக்குப் பெயர் பெற்றது. ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் 1883-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கு வந்து, அடுத்த ஆண்டில் அந்நோயின் கிருமியைத் தெளிவாக்கினார். கிருமி சுரக்கும் நச்சே குடலிலிருந்து நீரை வெளியேற்றுகிறது என்பதை, கல்கத்தாவில் பணியாற்றிய சம்பு நாத் தே 1959-ஆம் ஆண்டில் முயல்களின் குடலைக்கொண்டு மெய்ப்பித்தார். குழந்தை மருத்துவமும் இந்நகரில் முன்னதாகவே வேரூன்றிற்று. குழந்தைகளைச் சிறிய உருவமுள்ள பெரியவர்களாகவே மருத்துவர் பலர் கருதிய காலத்தில், க்ஷீரோத் சந்திர சௌத்ரி அவர்கள் 1933-ஆம் ஆண்டில் குழந்தை மருத்துவத்திற்கென இந்திய இதழ் ஒன்றைக் கல்கத்தாவில் தொடங்கினார். 1950-களில் பார்க் சர்க்கஸ் வட்டாரத்தில் குழந்தை நல நிலையம் ஒன்று எழவும் அவரே காரணமாயினார். தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் தம் இல்லத்தையே நாட்டுக்கு ஈந்தார். 1926-ஆம் ஆண்டில் அங்கே மகளிர்க்கும் குழந்தைகட்கும் உரிய சேவா சதனம் திறக்கப்பட்டது. தென்கல்கத்தாவில் வாழும் நம்மவருக்கு அது அறிமுகமான இடமே.

வயிற்றுப்போக்கால் வற்றிய உடலுக்கு உப்பு நீரை ஊசி வழியாக நரம்பில் ஏற்றுவதே அன்றைய சிகிச்சை. அதற்குத் தூய நீர்மம் வேண்டும், கருவி வேண்டும், கைதேர்ந்தவர் வேண்டும். குடிசையில் கிடக்கும் குழந்தைக்கு இவற்றுள் ஒன்றும் கிட்டாது. கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திர நாத் சட்டர்ஜி வேறு வழியை நாடினார். காலரா கண்ட 186 பேருக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துக் குணப்படுத்தியதை 1953-ஆம் ஆண்டில் லான்செட் இதழில் எழுதினார். நம் வீட்டுத் தொட்டியில் வளரும் கற்பூரவல்லி இனத்து இலையின் சாற்றையும் அவர் பயன்படுத்தினார் என்பது நாம் அறிந்து மகிழத்தக்கது. ஆனால் ஒப்பிட்டுக் காட்டும் சோதனை அதில் இல்லாமையால், மருத்துவ உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை.

சர்க்கரை எதற்கு என்னும் கேள்வி எழக்கூடும். நோயுற்ற குடல் உப்பைத் தனியே உறிஞ்ச இயலாமல் தவிக்கிறது. ஆனால் குளுக்கோஸும் உப்பும் கைகோத்து வருமாயின், இரண்டையும் ஒருங்கே உள்ளே சேர்க்கும் வாயில் ஒன்று நோயிலும் அடைபடுவதில்லை. அவற்றைத் தொடர்ந்து நீரும் உள்ளே செல்கிறது. 1960-களில் அறிஞர்கள் இதனை விளங்கிக்கொண்டனர். டாக்காவிலும் கல்கத்தாவிலும் நடந்த மருத்துவமனைச் சோதனைகள் 1968-ஆம் ஆண்டளவில் நம்பிக்கை அளித்தன. எனினும் மருத்துவர் கண்காணிப்பின்றி இதனைக் கொடுக்கலாமா என்னும் தயக்கம் நீங்கவில்லை.

அத்தயக்கத்தை நீக்கியது 1971-ஆம் ஆண்டின் பேரிடர். கிழக்கு வங்காளத்துப் போரினால் ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் அடைக்கலம் புகுந்தனர். எல்லையை அடுத்த போன்காவ் முகாமில் காலரா பரவிற்று. திலீப் மகலனோபிஸ் என்னும் குழந்தை மருத்துவர் கல்கத்தாவிலிருந்து அங்குச் சென்றார். மருத்துவமனைத் தரையில் நோயாளிகள் நெருக்கிக் கிடந்தனர். ஊசி வழி ஏற்றும் நீர்மமோ தீர்ந்துகொண்டிருந்தது. ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று அளந்து பொட்டலங்களாகக் கல்கத்தாவில் கட்டச் செய்தார். முகாமில் அதனை நீரில் கரைத்து, நோயாளியின் தாயிடமோ தமையனிடமோ கொடுத்து ஊட்டச் சொன்னார். அக்கூட்டத்திற் பலர் குழந்தைகள். ஏறத்தாழ நூற்றுக்கு 30 ஆக இருந்த இறப்பு, அச்சிகிச்சை பெற்றோரிடையே நூற்றுக்கு 3.6 ஆகக் குறைந்தது. மருத்துவர் செய்ய வேண்டியதாகக் கருதப்பட்ட பணியைத் தாயின் கை செய்தது. அதுவே இந்நிகழ்ச்சியின் சிறப்பு.

பின்னர் உலக சுகாதார நிறுவனம் இம்முறையை நாடெங்கும் பரப்ப முன்வந்தது. ஓ.ஆர்.எஸ். என்று நாம் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் பொட்டலம் இதன் வழித்தோன்றலே. மகலனோபிஸ் அவர்கள் தம் வாழ்நாட் சேமிப்பிலிருந்து ஒரு கோடி ரூபாயை, தாம் பணி தொடங்கிய அதே பார்க் சர்க்கஸ் குழந்தை நல நிலையத்திற்கு வழங்கினார். 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் கொல்கத்தாவில் மறைந்தார். அடுத்த ஆண்டில் பத்ம விபூஷண் விருது அவர் பெயருக்கு அறிவிக்கப்பட்டது.

இந்த ஒன்றினாலேயே குழந்தைகள் பிழைத்தனர் என்று கூறுவது பொருந்தாது. தடுப்பூசியும் குழாய் நீரும் கழிப்பறையும் பெண் கல்வியும் தத்தம் பங்கைச் செய்தன. ஒன்பதாம் மாதத்தில் போடப்படும் தட்டம்மைத் தடுப்பூசியும் நாம் பேசும் இந்த ஆறு மாதத்திற்குள் அடங்குவதே. 2020-ஆம் ஆண்டுக்கான அரசின் கணக்கெடுப்பில், ஓராண்டுக்குள் இறக்கும் குழந்தைகள் 1,000-க்கு இந்தியாவில் 28, மேற்கு வங்காளத்தில் 19, தமிழ்நாட்டில் 13. இருநூற்றுக்கு மேல் இருந்த இடத்தில் அவ்வாண்டில் இவை நின்றன. குப்பு என்றும் தின்கோடி என்றும் பெயரிட வேண்டிய அவசியம் நம் குழந்தைகட்கு இல்லாமற் போனது இவ்வாறே.

உயிர் பற்றிய அச்சம் குறைந்த பின், நம்மைப் போன்ற புலம்பெயர்ந்தோருக்கு மற்றொரு கவலை தோன்றுகிறது. வீட்டில் தமிழும் தெருவில் வங்காளமும் கேட்டு வளரும் குழந்தை எம்மொழியைப் பேசும்? இரண்டும் கலந்து பேச்சே தாமதமாகிவிடுமோ? இதற்கும் அந்த ஆறு மாதத்திலேயே விடை இருக்கிறது. கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்னும் இருவர் 1984-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். இந்தி மொழியின் தகர, டகர ஒலிகளின் வேறுபாட்டை, ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டாம் மாதத்தில் எளிதில் உணர்ந்தன. பத்து முதல் பன்னிரண்டாம் மாதத்திலோ அவற்றுட் பெரும்பாலானவை அதனை உணரவில்லை. கேளாத ஒலிகளைச் செவி மெல்லக் கைவிட்டுத் தன் வீட்டு மொழிக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்கிறது. அன்னம் ஊட்டும் நாளில் எம்மொழிக்கும் திறந்திருந்த செவி, ஆண்டு நிறைவன்று தான் கேட்ட மொழிகளைத் தனக்குரியனவாக்கிக்கொள்ளத் தொடங்கிவிடுகிறது.

ஆதலால் குழந்தைக்குப் பேச்சு வரட்டும், பிறகு தமிழ் கற்பிக்கலாம் என்று காத்திருப்பது தகாது. ஒன்றும் அறியாதது போல் மடியில் கிடக்கும் அந்நாளிலேயே நாம் அதனோடு தமிழில் பேச வேண்டும். லகர, ளகர, ழகர ஒலிகள் அதன் காதில் விழ வேண்டும். இரு மொழி கேட்பதால் பேச்சு தடைப்படுவதில்லை என்பது இன்றைய அறிஞர் முடிவு. ஓராண்டில் ஓரிரு சொற்கள் வருவது இயல்பு. “அம்மா” என்பது தமிழாகவும், “ஜல்” என்பது வங்காளமாகவும் இருக்குமாயின், அது குழப்பமன்று. இரண்டும் அதற்குச் செல்வமே.

இறுதியாகச் சில சொற்கள். உணவு தொடங்கும் முன்னும் குழந்தைக்கு ஊட்டும் முன்னும் சோப்பிட்டுக் கைகழுவுதல் முதற்கடமை. வயிற்றுப்போக்குக் கண்டால் தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறித்த அளவு நீரில் கரைத்துச் சிறிது சிறிதாக ஊட்டுக. பொட்டலம் கிட்டாத வேளையில், ஒரு லிட்டர் தூய நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம்; உப்பு மிகுதல் கூடாது. குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ மருத்துவரிடம் விரைய வேண்டும். ஒன்பது மாதம் கடந்தும் உட்காராத குழந்தையையும், பதினெட்டு மாதத்திலும் நடவாத குழந்தையையும் மருத்துவரிடம் காட்டுதல் நன்று.

லேக் மார்க்கெட்டில் வாழையிலை வாங்கி ஆண்டு நிறைவு விருந்து படைக்கும் வீட்டார், அண்டை வீட்டு வங்காளிகளையும் அழைக்கத் தவறுவதில்லை. அன்று குழந்தை தளர்நடையிட்டு ஓரடி வைத்தாலும், சுவரைப் பற்றி நின்றாலும், மடியை விட்டு இறங்க மறுத்தாலும் நமக்கு மகிழ்ச்சியே. அம்மகிழ்ச்சியில் போன்காவ் முகாமில் குவளையும் கையுமாக இரவெல்லாம் விழித்திருந்த தாய்மாரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வோமாக.